பழைய பாலத் தெருவிலிருந்து பன்னிரண்டு பேர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், என் முழங்காலைத் தவிர, அதை நான் என் உடம்பில் சேர்ப்பதில்லை, அது தனிக்குடித்தனம் போய் வெகுகாலம் ஆகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் முன்னால் உன் தொண்டை எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் கரகரவென்று பேசினாய், சளி இல்லை, காய்ச்சல் இல்லை, யாரோ பிடித்துவைத்து மணிக்கணக்காகப் பாடச் சொன்ன மாதிரி வலிக்கிறது என்று சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை, கவனித்திருப்பாய். இந்தக் கடிதம் முழுக்க உன் தொண்டையைப் பற்றித்தான். நடுவில் சங்கத்துக் கதை, எதிர்வீட்டுக் கதை என்று நான் எங்காவது மேயப் போனால் அம்மாவின் வழக்கம்தானே என்று பக்கத்தைத் தாண்டிவிடாதே. உன் தொண்டை கட்டியதற்கு உங்கள் ஊர்க் குளிர் காரணமில்லை. நான் நிரப்பிய ஒரு படிவம் காரணம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் சொன்னால் நீ சிரிப்பாய், உன் சிரிப்பைக் கேட்டால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும், அப்புறம் அப்பாவின் பல் செட்டைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். எழுத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது.

நம் மாதர் சங்கத்தின் கிறிஸ்துமஸ் கேரல் பாட்டு விழா நாளை மாலை நான்கு மணிக்கு. நீ வெளிநாடு போய் ஆறு வருடமாகப் பார்க்கவில்லை, ஒன்றும் மாறிவிடவில்லை. தலைவி அதே மைக்கம்மாதான். மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்கத் தனியாகத் தீர்மானம் போட வேண்டும் என்று பிள்ளைகள் நீங்கள் வைத்த பெயர் இப்போது அவருடைய புருஷன் வாயிலேயே வருகிறது. நானும் அதே செயலாளர்தான், பாடத் தெரியாதவளை வேறு எங்கே உட்காரவைப்பது. பன்னிரண்டு வயதில் பாட்டு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீ வாயை மட்டும் அசைம்மா, சத்தம் வேண்டாம் என்று சொன்னதிலிருந்து நான் காகிதப் பக்கம் ஒதுங்கிவிட்டேன். எந்தக் குழு எப்போது பாடுவது, யார் எந்த வரிசையில் நிற்பது, யாருக்கு எத்தனை நிமிடம், எல்லாம் என் கையில். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். சேரும் குழுக்களுக்கு நான் தயாரித்திருக்கிற படிவத்தைப் பார்த்தால் பாஸ்போர்ட் ஆபீஸ்காரர்களே வந்து கற்றுக்கொள்ள வேண்டும். பெயர், வயது, வேலை, முகவரி, எந்தக் குரல், உயரம், தோள் அளவு, கை நீளம், குறிப்பு என்று பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு வரிசை. அங்கிகளைச் சங்கமே தைத்துக் கொடுப்பதால் அளவு எல்லாம் வேண்டியிருக்கிறது. கொடுத்த படிவத்தில் குழுத் தலைவியின் கையெழுத்து இல்லாமல் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது என்ற விதியும் என்னுடையதுதான். போன வருடம் வங்கிக்காரிகள் தனியாகப் பாடுகிறவளைக் கடைசி நிமிடத்தில் மாற்றிக் கூத்தடித்த பிறகு கொண்டுவந்தேன். அந்தக் கோபத்திலேயே வங்கிக்காரிகள் இந்த வருடம் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அங்கே ஆரம்பித்தது வினை. ஏழு குழு இருந்தால்தான் மண்டபம் முழுக்க நமக்கு. ஆறு என்றால் நடுவில் ஒரு பலகைத் தடுப்பை இழுத்து மூடி, அந்தப் பக்கத்தைக் கராத்தே வகுப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். அமைதியான இரவு என்று நம்மவர்கள் இந்தப் பக்கம் உருகும்போது அந்தப் பக்கம் முப்பது பேர் ஹூ ஹா என்று உதைப்பதை நினைத்துப் பார். மைக்கம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "செயலாளரம்மா, எங்கயாவது இன்னொரு குழுவப் பிடிங்க, நாளைக்குள்ள லிஸ்ட் போகணும்" என்றார். குழு என்ன கொத்தாகக் கடையில் தொங்குகிறதா. மறுநாள் காலை எட்டு மணிக்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு குழுவை நானே உண்டாக்கிவிட்டேன். விழா அன்றைக்கு எல்லாருக்கும் காய்ச்சல், வரவில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பழைய பாலத் தெரு மகளிர் குழு என்று பெயர் வைத்தேன். நம் ஊரில் பாலமே கிடையாது, கட்டுவதற்கு ஆறும் கிடையாது, அதனால் யாரும் எங்கள் தெருவில் அப்படி ஒரு குழு இல்லையே என்று சண்டைக்கு வரமாட்டார்கள் பார். கற்பனையில் பதினோரு பெயர்களைப் பறித்துப் போட்டேன். முதலாமவளுக்கு எல்லாக் கட்டங்களையும் ஒழுங்காக நிரப்பினேன். வயது நாற்பத்தெட்டு, வேலை நூலகர், முகவரி பழைய பாலத் தெரு, இன்ன உயரம், இன்ன தோள். அதற்குள் எட்டரை ஆகிவிட்டது. ஒன்பதுக்கு நான் பல் டாக்டரிடம் போய் வரவேற்பு மேசையில் உட்கார வேண்டும். அங்கே பதினெட்டு வருடமாக என் கைக்கு என்ன பழக்கம் தெரியுமா, ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் பல்வலி என்று வந்தால் முதல் ஆளுக்கு முகவரி, மற்ற நான்கு பேருக்கும் மேற்படி, மேற்படி. அதே கை இங்கேயும் ஓடியது. இரண்டாம் வரிசையிலிருந்து மேற்படி என்று போட்டுக்கொண்டே வந்து, அதற்கும் சோம்பல் பட்டு இரண்டிரண்டு சின்னக் கோடுகளாகக் கீழே இழுத்துவிட்டேன். வயதை மட்டும் ஆளுக்கு ஒன்றாக மாற்றினேன், அதிலும் மூன்றாவது ஆளுக்கு எழுதப் போகும்போது பால் பொங்கியது, எழுந்து ஓடினேன், அந்தக் கட்டம் காலியாகவே நின்றுவிட்டது. ஏழாவது பெயர் மேல் பால் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விழுந்து மை கலங்கிவிட்டது. கீழே குழுத் தலைவி என்று முதலாமவளின் கையெழுத்தை, என் எழுத்து தெரியக் கூடாது என்று, இடது கையால் போட்டேன்.

பன்னிரண்டாவது வரிசையில் உன் பெயரை எழுதினேன். கற்பனை தீர்ந்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன், அது பொய். அச்சடித்த நிகழ்ச்சித் தாளில் உன் பெயரைப் பார்த்து ஆறு வருடமாகிறது, ஒரு தடவை பார்க்கலாமே என்று ஆசை, வேறொன்றுமில்லை. உன் வயது, ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் உன் வேலை, உன் ஆல்ட்டோ குரல், உன் தோள் அளவு, கை நீளம் எல்லாவற்றையும் ஒரு நூல் பிசகாமல், கோணல் மாணல் இல்லாமல் எழுதினேன். முகவரிக் கட்டத்தில் மட்டும் கை தன்னால் ஓடி இரண்டு சின்னக் கோடுகளைப் போட்டுவிட்டது. நான் கவனிக்கவில்லை. படிவத்தைப் பையில் போட்டுக்கொண்டு பல் டாக்டரிடம் ஓடிவிட்டேன்.

முதல் சனிக்கிழமை ஒத்திகைக்கு, பிற்பகல் மூன்று மணிக்கு, நல்ல வெயிலில், அவர்கள் வந்தார்கள். பதினோரு பேர், ஒருத்தி பின்னால் ஒருத்தியாக. முதலாமவள் என் மேசைக்கு வந்து, "பழைய பாலத் தெருங்க. பதினோரு பேர் வந்திருக்கோம், ஒருத்தர் மட்டும் இன்னும் வரணும்" என்றாள். மைக்கம்மாதான் என் தில்லுமுல்லைக் கண்டுபிடித்து ஆள் வைத்து விளையாடுகிறார் என்று நினைத்தேன், அவர் முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை, வாயெல்லாம் பல்லாக இவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். சரி, உண்மையிலேயே எங்கேயோ இப்படி ஒரு தெரு இருந்து தொலைத்திருக்கிறது போல என்று மனதைத் தேற்றிக்கொண்டு என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். நூலகர் என்றாள். அடுத்தவளும் நூலகர். அதற்கடுத்தவளும். பதினோரு பேரும் சொல்லி முடிக்கும்வரை நான் பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் முகங்களைப் பார்த்தேன். அக்கா தங்கைகள் என்று முதலில் தோன்றும், இல்லை, ஒரே முகம்தான், வயதை மட்டும் கூட்டிக் குறைத்து வைத்த மாதிரி. மூன்றாவதாக நின்றவளுக்கு இருபதா எழுபதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. சுருக்கமும் இல்லை, இளமையும் இல்லை. ஏழாவதாக நின்றவளுக்கு முகம் இருக்கிறது, பார்க்கும்போது நன்றாகத்தான் தெரிகிறது, கண்ணை எடுத்துவிட்டால் என்ன முகம் என்று நினைவில் நிற்பதில்லை. நான் நான்கு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நான்காவது தடவை அவள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

நீ கேட்பாய், வேறு யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லையா என்று. நேரத்துக்கு வருகிறார்கள், அரட்டை அடிப்பதில்லை, டீ சூடாக இல்லை என்று குறை சொல்வதில்லை, நம் சங்கத்தில் இதைவிட என்ன வேண்டும். மைக்கம்மா மற்ற குழுக்களிடம் இவர்களை உதாரணம் காட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஒருத்திக்குத்தான் பொறி தட்டியது. இரண்டாவது சனிக்கிழமை அங்கிக்கு அளவெடுத்துவிட்டு டேப்பைச் சுருட்டக்கூட மறந்து என்னிடம் வந்தாள். "அக்கா, பதினோரு பேருக்கும் ஒரே அளவுக்கா. தோளு, கையி, கழுத்து, ஒரு நூல் கூடக் கொறச்சல் இல்ல. ரெட்டப் பிள்ளைங்களுக்கே அப்படி வராதுக்கா" என்றாள். யோகா செய்கிறார்களாயிருக்கும் என்று சொல்லிவைத்தேன், வேறென்ன சொல்ல. பன்னிரண்டாவது அங்கியைப் படிவத்தில் இருக்கிற அளவுக்கே தைத்துவிடச் சொல்லி முதலாமவள் கேட்டிருக்கிறாள். தையல்காரம்மா தைத்துக் கொண்டுவந்து உடைமாற்றும் அறையில் ஆணியில் மாட்டினாள். உன் அளவு அங்கி. யாரும் போடாத அங்கி. அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தால் காலரின் உள்பக்கம் லேசாக வியர்வைக் கறை. நான் அதை முகர்ந்து பார்த்தேன், நீ போடுகிற அந்தப் பச்சை சோப்பின் வாசனை.

அந்த மூன்றாவது சனிக்கிழமைதான் அவர்கள் முழுப் பாட்டையும் பாடினார்கள். நமக்கெல்லாம் தெரிந்த பாட்டுத்தான், நம் புத்தகத்தில் மூன்று சரணம் இருக்கிறது. மூன்றையும் பாடிவிட்டு நிறுத்தாமல் நான்காவது ஒன்றைத் தொடங்கினார்கள். வீடு திரும்புகிறவர்களைப் பற்றியது, வார்த்தைகள் எல்லாம் எளிமையாகத்தான் இருந்தன. அதில் நடுவில் ஓர் இடம் வந்ததும் பதினோரு பேரும் பாட்டை நிறுத்தி, தலையை மட்டும் வாசல் பக்கம் திருப்பினார்கள். ஒரு வரி பாடும் நேரம். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். பிறகு தலையைத் திருப்பி அடுத்த வரியிலிருந்து தொடர்ந்தார்கள். அது பன்னிரண்டாவது ஆள் தனியாகப் பாடும் வரி என்று முதலாமவள் பின்னால் எனக்குச் சொன்னாள். "வந்துருவாங்க, தொண்டையப் பழக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றாள். இரண்டாம் முறை பாடும்போது அந்த இடைவெளியில் வாசல் பக்கமிருந்து, மிகவும் மெல்லியதாக, பக்கத்து அறையில் யாரோ பாடுவது போல ஒரு குரல் வந்தது. மற்றவர்கள் ரேடியோ என்றார்கள். பெற்றவளுக்குத் தெரியாதா.

அன்றைக்கு அப்பா என்னை அழைத்துப்போகச் சீக்கிரமே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். அவர்கள் வரிசையாகப் போவதைப் பார்த்து, சும்மா இருக்கிற மனிதர்தானே, பின்னாலேயே போயிருக்கிறார். திரும்பி வந்து, "தண்ணித் தொட்டிகிட்ட எடது பக்கம் திரும்புனாங்க. போய்ப் பாத்தா அங்க வழியே இல்ல, வெறும் செவுரு. ஆனா செவுத்துக்கு அந்தப் பக்கம் ஆறு ஓடுற சத்தம் கேக்குது, யாரு வீட்டுக் குழாய் ஒடஞ்சுதோ" என்றார். அப்போதுதான் நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்கு வந்து படிவத்தின் நகலை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். உனக்குத் தெரியுமே, வீடு பற்றி எரிந்தாலும் முதலில் பிழைதிருத்தம் பார்க்கிற ஆள். "உனக்குப் பொய்யக்கூட முழுசாச் சொல்ல வரல, பாதியில மேற்படி போட்டுட்ட" என்றார். பிறகு பன்னிரண்டாவது வரிசையில் விரலை வைத்தவர் அதை எடுக்கவே இல்லை. அவர் விரலுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கோடுகள். உன் வீடு எங்கே என்ற கட்டத்தில்.

மறுநாள் ஞாயிறு நீ போன் செய்தாய். தொண்டை வலியைச் சொன்னாய். ஆஸ்பத்திரி லிஃப்டில் நீ பாடிக்கொண்டு வந்ததாகக் கூட வேலை செய்கிறவள் சொன்னாள், எனக்கே தெரியவில்லை என்றாய். எல்லாவற்றையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். கடைசியாக, "அம்மா, ஒரு காமெடி, பார்சல் அனுப்பப் போனேன், அனுப்புறவங்க அட்ரஸ்ல ஏதோ பழைய பாலத் தெருன்னு எழுதிட்டேன், அந்தப் பொண்ணு அப்படி ஒரு தெருவே இல்லையேன்னு சிரிக்குது" என்றாயே, அப்போது என் கையிலிருந்த கரண்டி விழுந்தது. என்னம்மா சத்தம் என்றாய், பூனை என்றேன். நம் வீட்டில் பூனை கிடையாது, அதையும் நீ கேட்கவில்லை.

நேற்று வியாழக்கிழமை கடைசி ஒத்திகை. படிவத்தை எடுத்துக்கொண்டு போய் முதலாமவளைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டேன். இருபத்திரண்டு வருடமாகக் குழுத் தலைவிகளை மிரட்டிப் பழகிய குரலை எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டாவது ஆள் வரமாட்டாள், அவள் வெளிநாட்டில் இருக்கிறாள், அந்தப் பெயரை அடித்துவிடுகிறேன், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அவளுக்குக் கோபமே வரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "பன்னெண்டு பேர்னு நீங்கதானே எழுதுனீங்க, நாங்க கேக்கலையே" என்றாள். பதினோரு பேரே போதுமே என்றேன். "அந்த வரி காலியா நின்னா பாட்டு முடியாதுங்க. பாட்டு முடியாம நாங்க எப்படி வீட்டுக்குப் போறது. விழா முடிஞ்சதும் பன்னெண்டு பேரும் ஒண்ணாத்தான் பாலத்தத் தாண்டணும்" என்றாள். பின்னால் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். நான் உன்னை நினைத்துக்கொண்டேன், லிஃப்டில் தெரியாமல் பாடிக்கொண்டு போகிற பிள்ளையை. சனிக்கிழமை நான்கு மணிக்கு நீ வேலை செய்துகொண்டிருக்கும்போது கையிலிருந்த சோதனைக் குழாயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடக்க ஆரம்பிப்பாய் என்று எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அப்படியானால் நான் பாடுகிறேன் என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நியாயம்தான், என்னைக் குழுவில் சேர்க்க முன்வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவை யோசிக்க வேண்டியதுதான். எழுதுங்கள் என்று படிவத்தை என் பக்கமே தள்ளினாள். உன் பெயரை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் என் பெயரை எழுதினேன். இந்தத் தடவை ஒரு கட்டத்தில்கூட மேற்படி இல்லை. வயது ஐம்பத்து நான்கு என்று உண்மையை எழுதினேன், எவ்வளவு மனக்கஷ்டம் பார். வேலை, பல் மருத்துவமனை வரவேற்பாளர். முகவரி, கதவு எண், மாடிப்படி எந்தப் பக்கம், எதிர்வீட்டில் தையல்காரி என்பதுவரை. குரல் என்ற கட்டத்தில் தேறாது என்று எழுதினேன். குறிப்பு என்ற கட்டத்தில், விழா முடிந்ததும் கணவர் ஸ்கூட்டருடன் வாசலில் நிற்பார், அவருடன் வீடு திரும்புவார், வெளிநாட்டில் ஒரு மகள் உண்டு, அவள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், எடுக்க வேண்டும் என்று இடம் போதாமல் ஓரத்தில் எல்லாம் எழுதினேன். முதலாமவள் அந்தக் குறிப்பை இரண்டு தடவை படித்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பேனாவை வாங்கி இடது கையால் கையெழுத்துப் போட்டாள். நான் போட்ட அதே கோணல், அதே இழுப்பு.

அன்று மாலை நீ அப்பாவுக்குப் போன் செய்து தொண்டை சட்டென்று சரியாகிவிட்டது, வாயில் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பாட்டும் மறந்துபோய்விட்டது என்று சொன்னாயாம். அவர் மண்டபத்து வாசலுக்கு வந்து சைகையிலேயே எனக்குச் சொன்னார். நான் அப்போது வரிசையில் பன்னிரண்டாவதாக நின்றுகொண்டிருந்தேன். உன் அளவு அங்கி எனக்கு எங்கே ஏறும், தையல்காரம்மா இரண்டு பக்கமும் பிரித்து ஒரு சாண் துணி வைத்துத் தைத்துக்கொண்டே, "என்னக்கா இது வேண்டாத வேல" என்று அழுதாள், அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்குத் தானாகவே தெரிந்திருக்கிறது. நிகழ்ச்சித் தாள் நானூறும் ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டது, உன் பெயரோடு. அழகாகத்தான் இருந்தது. அச்சில் அதைப் பார்க்க ஆசைப்பட்டவள் நானே உட்கார்ந்து நானூறு தாளிலும் கறுப்புப் பேனாவால் அடித்தேன். ஒன்றைக்கூட விடவில்லை, இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஒத்திகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த நான்காவது சரணத்தை யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்த இடம் வந்தது, பதினோரு பேரும் நிறுத்தினார்கள், இந்தத் தடவை வாசலைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். வரி தானாக வந்தது. சுருதி சுத்தமாக இருந்தது, கண்ணு. ஐம்பத்து நான்கு வருடத்தில் முதல் தடவையாக என் குரல் எங்கேயும் இடறவில்லை. மற்ற குழுக்காரர்கள் எல்லாம் எழுந்து கைதட்டினார்கள். அப்பா வாசலில் நின்று கேட்டவர் கைதட்டவில்லை, ஸ்கூட்டர் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு மைக்கம்மா மைக்கைப் பிடித்து, ஒழுக்கம் என்றால் என்ன என்று இருபத்தைந்து நிமிடம் பேசினார். எப்போதும் இந்த மாதிரி நேரத்தில்தான் நான் தையல்காரம்மாவின் காதில் இரண்டு வார்த்தை சொல்வேன், அவள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். நேற்று வரிசையில் முதலாமவள், "நல்லாப் பேசுறாங்க" என்றாள். இரண்டாமவள் நல்லாப் பேசுறாங்க என்றாள். மூன்றாமவள், நான்காமவள், வரிசையாக வந்துகொண்டே இருந்தது. என் முறை வந்தது. "நல்லாப் பேசுறாங்க" என்று என் வாய் சொன்னது. நான் சொல்லவேண்டும் என்று நினைக்கவே இல்லை. தையல்காரம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று மைக்கம்மாவின் குணாதிசயங்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிப் பார்த்தேன். முதலில் வரவில்லை. அப்பா பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுத்தார், அந்தக் கண்ணீர் நாடகம், அந்தப் பொன்னாடை விவகாரம் என்று. மெல்ல மெல்ல வந்துவிட்டது, கடைசியில் அப்பாவே போதும்மா என்று கெஞ்சும் அளவுக்குப் பொழிந்தேன். அதனால் இன்று நான் நான்தான், இதை எழுதுகிறவளும் நான்தான். நாளைக்கு முழுப் பாட்டையும் பாட வேண்டும். அப்பா மூன்று மணிக்கே வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தப் போவதாகச் சொல்லியிருக்கிறார், எஞ்சினை அணைக்கவே மாட்டாராம், பெட்ரோல் போட்டுவிட்டு வந்திருக்கிறார். பாட்டு முடிந்த அந்த நிமிடமே அங்கியோடு பின்னால் ஏறிவிட வேண்டும், யாருக்கும் போய்வருகிறேன் சொல்லக் கூடாது, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பக் கூடாது என்று ஏற்பாடு. முழங்கால் ஒத்துழைக்க வேண்டும்.

நீ அழுதுகொண்டு டிக்கெட் எடுத்து ஓடிவராதே, அதற்காகத்தான் இதைத் தபாலில் போடுகிறேன், உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். வேளைக்குச் சாப்பிடு, தொண்டைக்கு வெந்நீர் குடி, எந்தப் படிவம் வந்தாலும் உன் முகவரியைக் கடைசி எழுத்துவரை நீயே எழுது, யாராவது பாடக் கூப்பிட்டால் இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. நீ எங்கே இருந்தாலும் உன் வாசலும் உன் வரிசையும் உன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன், உனக்கு ஒரு குறையும் வராது. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இந்தக் கடிதம் வருவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது போயிருக்கும், நீ போன் செய்திருப்பாய், எடுத்துப் பேசியிருப்பேன், விழா எப்படி நடந்தது என்று கேட்டிருப்பாய். அந்தப் பேச்சை இப்போது உட்கார்ந்து நினைத்துப் பார். மைக்கம்மாவைப் பற்றி நான் ஒரு குத்தலாவது சொல்லியிருந்தால் கவலையை விடு, அது உன் அம்மாதான், ஸ்கூட்டர் நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. விழா நல்லா நடந்தது, தலைவியம்மா நல்லாப் பேசினாங்க என்று மட்டும் சொல்லி வைத்திருந்தால், நீ பயப்படாதே, திரும்ப அந்த எண்ணுக்குப் போன் செய்யாதே, அப்பாவின் எண்ணுக்குக் கூப்பிட்டு அவரை உன்னோடு வந்து இருக்கச் சொல். அவருக்கு உப்பைக் குறைத்துப் போடு.

உன்னை எந்தக் கட்டத்திலும் அடைக்க மனமில்லாத,
அம்மா